கழிவுநீர்க் கசடைச் செங்கல்லில் கலப்பது: கையால் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

தொட்டிக்கரை எழுதியது:

வணக்கம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கசடுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சாக்கடை உள்ளே வருகிறது, தெளிந்த தண்ணீர் வெளியே போகிறது, வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். தண்ணீரிலிருந்து பிரித்ததெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது என் முற்றத்தில் கிடக்கிறது. டைஜெஸ்டர் என்ற மூடிய தொட்டியில் நுண்ணுயிர்களால் செரித்து, சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் இயந்திரத்தில் பிழிந்து, கறுப்புக் கேக்காக தினமும் வந்துகொண்டே இருக்கிறது. மழை பிடித்தால் குவியல் கரைந்து, வடிகால் வழியாக நிலையத்தின் தொடக்கத் தொட்டிக்கே திரும்பிப் போகிறது, அதாவது ஒருமுறை பிரித்ததையே மறுபடியும் பிரிக்கிறோம்.

இப்போது இரண்டு பேர் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் செங்கல் சூளை வைத்திருப்பவர். நல்ல களிமண் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, கொஞ்சம் கலந்து பார்க்கிறேன் என்கிறார். இன்னொருவர் சிமென்ட் பிளாக் போடுபவர். காயவைத்துத் தூளாக்கிக் கொடுத்தால் மணலில் ஒரு பங்காகச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். இரண்டு பேருக்குமே கொடுத்துவிட மனம் துடிக்கிறது, ஆனால் பயமும் இருக்கிறது. படித்த கட்டுரைகள் எல்லாம் 'சாத்தியம்' என்றுதான் முடிகின்றன. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


சூளைச்சூடு எழுதியது:

செய்திருக்கிறேன். முதல் தடவை கெட்டுப்போனதைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

ஈரக் கேக்கை அப்படியே கொண்டுவந்து கண்ணளவாக மண்ணில் கொட்டிப் பிசைந்தோம். அச்சு நன்றாகத்தான் விழுந்தது. பச்சைக்கல் (இன்னும் சுடாத கல்) காயும்போது மூலைகளில் விரிசல் வந்தது, நாற்றத்தில் களத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சரி, சூளைக்குப் போனால் எல்லாம் எரிந்துவிடும் என்று அடுக்கினோம். சூளை பிரித்தபோது கல் வெளியே நல்ல சிவப்பு, தட்டினால் வரும் சத்தமும் பரவாயில்லை. ஒன்றைச் சுத்தியலால் உடைத்தேன். உள்ளே கட்டைவிரல் கனத்துக்கு விளக்குக் கரி மாதிரிக் கறுப்பு. அதைச் சுற்றி ஒரு சாம்பல் நிற வளையம், அதற்கு வெளியேதான் சிவப்பு. சில கல் நடுவில் உப்பி, உடைத்தால் ரொட்டிபோலக் குழிகுழியாக இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கசடில் பாதிக்கு மேல் எரியக்கூடிய பொருள். அது எரிய காற்று கல்லின் நடுவரை போகவேண்டும், வாயு வெளியே வரவேண்டும். நாங்கள் சூட்டை வேகமாக ஏற்றிவிட்டோம். மேல்தோல் உருகி அடைத்துக்கொண்டது, உள்ளே கரி மாட்டிக்கொண்டது. அந்தக் கரி இரும்பைச் சிவப்பாக விடாமல் கறுப்பாகவே வைத்திருக்கும். அடுத்த சூளையில் 600, 700 டிகிரியில் நிறைய நேரம் நிறுத்தி, கரி முழுக்க எரிந்த பிறகு 950 வரை ஏற்றினோம். கறுப்பு போய்விட்டது. ஆனால் அப்படி நிறுத்திவைக்க எல்லாச் சூளையாலும் முடியாது. அடுக்கிவிட்டுத் தீமூட்டி விடுகிற நாட்டுச் சூளையில் சூடு அதன் போக்கில்தான் ஏறும். உங்களிடம் கேட்டவருடைய சூளை எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.


ஈரக்கணக்கு எழுதியது:

சூளைச்சூடு சொன்ன 'கண்ணளவு'தான் இதில் பெரிய தப்பு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

பிழிந்த கேக்கில் திடப்பொருள் சுமார் 20 சதவீதம், மீதி தண்ணீர். பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் 5 கிலோ கேக்கில் 4 கிலோ தண்ணீர்தான். இப்போது 100 கிலோ காய்ந்த களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் போடும் பதத்துக்குச் சுமார் 20, 25 லிட்டர் தண்ணீர் வேண்டும். காய்ந்த எடையில் 5 கிலோ கசடு சேர்க்க 25 கிலோ ஈரக் கேக் போடவேண்டும், அதோடு 20 லிட்டர் தண்ணீர் தானாகவே வந்துவிடும். அதாவது ஐந்து சதவீதத்திலேயே பிசைகிற தண்ணீர் முழுவதையும் கேக்கே கொடுத்துவிடுகிறது. இது நல்ல செய்தி, தனியாகத் தண்ணீர் ஊற்றவேண்டாம். ஆனால் அதுவே உச்சவரம்பு. பத்து சதவீதம் போகவேண்டும் என்றால் 40 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும், மண் கூழாகிவிடும், அச்சில் நிற்காது. அதற்கு மேல் கலக்கவேண்டுமானால் முதலில் காயவைத்தே ஆகவேண்டும்.

காயவைக்கும் செலவைப் பார்ப்போம். ஒரு கிலோ திடப்பொருளோடு 4 கிலோ தண்ணீர் இருக்கிறது. அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்க 10 மெகாஜூலுக்கு மேல் வேண்டும், இயந்திரத்தின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் அதிகம். செரித்த கசடு முழுக்கக் காய்ந்தபின் ஒரு கிலோ எரிந்தால் கிடைப்பது ஏறக்குறைய 12 மெகாஜூல். வருவதும் போவதும் சரியாகிவிடுகிறது. 'கசடே எரிபொருள்' என்ற பேச்சு வெயிலில் காய்ந்த கசடுக்கு மட்டும்தான் பொருந்தும்.

வெயிலில் காய்ந்தது என்றால் லாபம் நிஜம். மெல்போர்னில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட முடிவுகளில், 25 சதவீதம் கசடு கலந்த கல்லைச் சுடத் தேவையான சக்தி கிட்டத்தட்ட பாதியாகக் குறையும், 48.6 சதவீதம் வரை மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். எரியும் பொருள் கல்லுக்குள்ளேயே இருப்பதால் வரும் மிச்சம் அது. ஆனால் அதே ஆய்வில் கல்லின் பலத்தையும் பாருங்கள்: 10 முதல் 25 சதவீதம் கலந்த கற்களில் 12 மெகாபாஸ்கலிலிருந்து 35 வரை பரந்து கிடக்கிறது. எந்த நிலையத்துக் கசடு, எவ்வளவு கலந்தது என்பதைப் பொறுத்து அவ்வளவு மாறுகிறது. ஆகவே இன்னொருவருடைய சதவீதத்தைக் கடன் வாங்காதீர்கள்.


கான்கிரீட்காரர் எழுதியது:

சிமென்ட் பிளாக் கேட்டவருக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். சூளையும் சிமென்டும் ஒன்றல்ல. சூளையில் தீ இருக்கிறது, உயிர்ப்பொருளை எரித்துவிடுகிறது, கிருமியைக் கொல்கிறது, உலோகத்தில் ஒரு பகுதியைக் கண்ணாடிபோல உருகிய மண்ணுக்குள் பூட்டுகிறது. சிமென்ட் பிளாக்கில் எதுவுமே எரிவதில்லை.

காய்ந்த கசடுத் தூளைச் சிமென்ட் கலவையில் போட்டால் நடப்பது இதுதான். அதிலுள்ள உயிர்ப்பொருள், துத்தநாகம், பாஸ்பேட் எல்லாம் சேர்ந்து சிமென்ட் இறுகுவதைத் தடுக்கும். நான் ஒருமுறை பரிசோதனைக்காக வார்த்தேன். மறுநாள் அச்சைக் கழற்றலாம் என்று போனால் விரலை அழுத்தினால் உள்ளே போகிறது. மூன்றாம் நாளும் அப்படியே. அதைவிட, கலக்கும்போது கண்ணில் நீர் கொட்ட ஒரு வாடை வரும். அம்மோனியா. சிமென்டின் காரத்தன்மை கசடில் உள்ள அம்மோனியத்தை வாயுவாக விரட்டிவிடுகிறது. மூடிய இடத்தில் கலக்கவே கூடாது.

எரித்த சாம்பல் வேறு கதை. கசடை 850 டிகிரி வாக்கில் எரித்துக் கிடைக்கும் சாம்பலில் சிலிக்கா, அலுமினா, சுண்ணாம்பு, இரும்பு ஆக்சைடு எல்லாம் இருக்கின்றன. நன்றாக அரைத்துச் சிமென்டில் பத்து சதவீதம்போல மாற்றிப் போட்டால் தாங்கும். ஆனால் துகள்கள் பஞ்சுபோலத் துளையுள்ளவை, தண்ணீரைக் குடிக்கும், கலவை சீக்கிரம் விறைத்துப்போகும். தண்ணீர் கூட்டினால் பலம் குறையும். தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்த்துத்தான் சமாளிக்கவேண்டும். ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலைய நிலக்கரிச் சாம்பல்) மாதிரி உருண்டைத் துகள் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.


கையுறை எழுதியது:

எல்லோரும் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். கலக்குகிற ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை.

செரித்த கசடு கிருமி இல்லாத கசடு அல்ல. உருண்டைப்புழுவின் முட்டை டைஜெஸ்டரைத் தாண்டியும் பிழைத்திருக்கும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சூளையில் அது செத்துவிடும், சரி. ஆனால் சூளைக்குப் போகும் முன்பு அதை வெறுங்காலால் மிதித்துப் பிசைபவர் யார்? பச்சைக்கல்லை வெறுங்கையால் திருப்பிப் போடுபவர் யார்? களத்திலேயே குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு, குழந்தைகள் அந்த மண்ணில்தான் விளையாடுகிறார்கள். நான் ஒரு களத்தில் கொஞ்ச காலம் கணக்கு எழுதினேன். அங்கே இதே மாதிரி லாரியில் வந்து கொட்டினார்கள், என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை. 'எரு' என்றார்கள். இரண்டு வாரத்தில் பெண்கள் கை முழுக்க அரிப்போடு வந்து நின்றார்கள். காய்ந்தபின் பறக்கும் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது.

அமெரிக்காவின் 1993 கசடு விதிகளில் கிருமி நீக்கத்துக்கு ஒரு வழி 70 டிகிரியில் 30 நிமிடம் என்று இருக்கிறது. அதைச் செய்தபின் கொடுங்கள், அல்லது கைபடாமல் இயந்திரத்தில் பிசையும் இடத்துக்கு மட்டும் கொடுங்கள். தொட்டிக்கரை, உங்கள் நிலையத்தில் நீங்கள் கையுறை போடுகிறீர்கள். அந்தக் களத்திலும் போடுவார்களா என்று போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


தொட்டிக்கரை எழுதியது:

கையுறை, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்று சாயங்காலமே அந்தச் சூளைக்குப் போனேன். மண் பிசைய பக் மில் என்ற இயந்திரம் இருக்கிறது, ஆனால் அச்சு கையால்தான் போடுகிறார்கள். கையுறை இல்லை. நேரில் போகாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

கான்கிரீட்காரர் சார், பிளாக் போடுபவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

உலோகத்தைப் பற்றி யாராவது சொல்லமுடியுமா? எங்களுக்கு வருவது வீட்டுக் கழிவுநீர் என்றுதான் ஏட்டில் இருக்கிறது.


கரைசல் எழுதியது:

ஏட்டில் இருப்பதை நம்பாதீர்கள். பதினைந்து வருடமாக ஆய்வகத்தில் கசடு மாதிரிகளைச் சோதிக்கிறேன். 'வீட்டுக் கழிவுநீர் மட்டும்' என்று எழுதிவந்த புட்டியிலேயே நிக்கலும் குரோமியமும் துள்ளி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கோ ஒரு சந்தில் முலாம் பூசும் பட்டறை இரவில் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையே தண்ணீரிலிருந்து அழுக்கைப் பிடித்துக் கசடில் சேர்ப்பது. நிலையம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு உலோகம் உங்கள் கேக்கில் இருக்கும்.

இனி சூளையைப் பற்றி. 'சுட்டால் எல்லாம் பூட்டிக்கொள்ளும்' என்பது பாதி உண்மை. ஈயம், தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றில் பெரும்பகுதி சுட்ட களிமண்ணில் நன்றாகவே கட்டுப்படும். பாதரசம் கல்லில் நிற்காது, புகையோடு போய்விடும். காட்மியமும் ஆர்செனிக்கும் ஓரளவு அப்படித்தான். சூளைக்குப் புகைவடிகட்டி இல்லை என்றால் அது சுற்றியுள்ளவர்களின் மூச்சில் போகிறது.

குரோமியம்தான் என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது. தோல் பதனிடும் இடத்துக் கசடில் இருக்கும் குரோமியம் பெரும்பாலும் மூன்று இணைதிற வடிவில், அவ்வளவாகக் கரையாதது. அதைச் சுண்ணாம்பு இருக்கும் கலவையில், காற்றோட்டமாகச் சூடாக்கினால் ஒரு பகுதி ஆறு இணைதிற வடிவுக்கு மாறி கால்சியம் குரோமேட் ஆகிவிடும். அது தண்ணீரில் கரையும், புற்றுநோயும் உண்டாக்கும். பச்சைக்கல்லில் அடங்கிக் கிடந்தது சுட்ட கல்லில் விழித்துக்கொள்கிறது. நான் ஒருமுறை அப்படி ஒரு கல்லைப் பொடித்து, தண்ணீரில் குலுக்கி வடிகட்டினேன். வடிநீர் இளமஞ்சளாக வந்தது. வண்ணமே போதும், அதற்கப்புறம் கருவியில் வைத்தது உறுதிப்படுத்தத்தான். தோல் தொழிற்சாலை, முலாம் பட்டறை, சாயப்பட்டறைக் கசடைச் செங்கல்லுக்கு யார் கேட்டாலும் என் பதில் 'வேண்டாம்'.

அப்புறம் சோதனை. பலரும் டிசிஎல்பி சான்றிதழ் ஒன்றைக் காட்டி 'பாஸ்' என்பார்கள். அது பொருளைப் பொடித்து, 20 மடங்கு எடையுள்ள அசெட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பது. குப்பைக்கிடங்கில் புதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வடிவமைத்த சோதனை அது. சுவரில் மழை வழிவதற்கு அல்ல. அமிலத்தில் ஈயம் நன்றாக வெளியே வரும், ஆனால் ஆர்செனிக், ஆறு இணைதிற குரோமியம், மாலிப்டினம் போன்றவை காரமான தண்ணீரிலும் தாராளமாகக் கரையும். அதனால் சாதாரண நீரிலும் சோதிக்கவேண்டும். நெதர்லாந்தில் முழுக்கல்லையே தொட்டியில் போட்டு, தண்ணீரை எட்டு முறை மாற்றி, 64 நாள் பார்ப்பார்கள். கட்டடப் பொருளுக்கு அதுதான் பொருத்தமான சோதனை. பொறுமை வேண்டும்.


புதுவீடு எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறேன். சாக்கடையிலிருந்து வந்த கல்லால் படுக்கையறைச் சுவர் எழுப்புவதா என்று நினைத்தாலே மனம் ஒப்பவில்லை. உலகத்தில் எங்காவது நிஜமாகக் கட்டியிருக்கிறார்களா?


ஈரக்கணக்கு எழுதியது:

கட்டியிருக்கிறார்கள், நீண்ட காலமாகவே. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் ஃபிஷ்வாட்டர் ஃப்ளாட்ஸ் நிலையத்துக் கசடைக் களிமண்ணில் கலந்து செங்கல் செய்தது 1979 முதல் நடந்த வேலை. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1984 வாக்கில் 'பயோபிரிக்' என்ற பெயரில் செய்தார்கள். சிங்கப்பூரில் 1987-ல் வெளியான ஆய்வு, காய்ந்த கசடு 40 சதவீதம் வரை, சாம்பலானால் 50 சதவீதம் வரை களிமண்ணில் கலக்கலாம் என்று காட்டியது. அது 'உடையாமல் ஒரு கல் உருவாகும்' என்ற எல்லை, 'இவ்வளவு போடுங்கள்' என்ற பரிந்துரை அல்ல. தைவானில் 2003-ல் வந்த ஆய்வு நல்ல கல்லுக்கு 10 சதவீதம், 880 முதல் 960 டிகிரி என்றுதான் முடிந்தது.

டோக்கியோவில் இன்னும் ஒரு படி மேலே போய், களிமண்ணே இல்லாமல் முழுக்கக் கசடுச் சாம்பலை அழுத்திச் சுட்டு 1990-களில் நடைபாதைக் கல் செய்தார்கள். கல் உறுதியாகத்தான் இருந்தது. பதித்தபின் பாசி படர்ந்தது, மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. பலம் இருந்தால் மட்டும் போதாது, போடும் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் வேண்டும்.

உங்கள் மனம் ஒப்பாததைப் பற்றி: 950 டிகிரியில் பல மணி நேரம் கிடந்த கல்லில் சாக்கடை என்று சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. கிருமி, நாற்றம், உயிர்ப்பொருள் எதுவும் இல்லை. கேட்கவேண்டிய ஒரே கேள்வி கரைசல் கேட்ட உலோகக் கேள்விதான். அதற்கான அறிக்கையைக் காட்டாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். படுக்கையறைக்கு மட்டுமல்ல, மதில் சுவருக்கும்தான்.


மண்ணுக்கே எழுதியது:

எனக்கு ஒரு அடிப்படை மனத்தாங்கல் இருக்கிறது. கசடில் இருக்கும் பாஸ்பரஸைச் செங்கல்லிலும் சிமென்டிலும் போட்டுப் புதைப்பது பெரிய பாவம் என்று நினைக்கிறேன். எரித்த சாம்பலில் பாஸ்பரஸ் ஆக்சைடு 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். பாஸ்பேட் பாறை பூமியில் சில நாடுகளில் மட்டுமே பெரிதாகக் கிடக்கிறது, மொராக்கோவில்தான் மிக அதிகம். தோண்டி எடுக்கிறோம், உரமாகப் போடுகிறோம், பயிர் எடுக்கிறது, நாம் உண்கிறோம், கழிவாகப் போகிறது, கடைசியில் சுவருக்குள் மூடிவிடுகிறோம். சுவரிலிருந்து எந்த வேர் அதை எடுக்கும்?

ஜெர்மனி 2017-ல் விதி போட்டது. ஒரு லட்சம் பேருக்கு மேல் சேவை செய்யும் நிலையங்கள் 2029 முதல், 50,000-க்கு மேற்பட்டவை 2032 முதல் பாஸ்பரஸை மீட்டெடுத்தே ஆகவேண்டும். செங்கல்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை.


கான்கிரீட்காரர் எழுதியது:

மண்ணுக்கே, சாம்பல் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பாஸ்பரஸ் வேண்டாத விருந்தாளிதான். சிமென்ட் சூளையில் கசடை எரிபொருளாகப் போடும்போது கிளிங்கரில் (அரைத்துச் சிமென்ட் ஆக்கும் சுட்ட கட்டி) பாஸ்பரஸ் ஆக்சைடு ஒரு சதவீதத்தை நெருங்கினாலே, சீக்கிரம் பலம் தரும் அலைட் என்ற சேர்மம் உருவாவது குறைந்து ஆரம்பப் பலம் அடிபடும். அமிலத்தில் பாஸ்பரஸை எடுத்துவிட்டு மீதிச் சாம்பலைக் கட்டடத்துக்குக் கொடுத்தால் இரு பக்கமும் நல்லது. ஆனால் அது பெரிய ஆலை போட்டுச் செய்யும் வேலை, தொட்டிக்கரையின் முற்றத்தில் நடக்காது.

'மண்ணுக்கே திருப்பு' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உலோகம் மட்டுமல்ல, பிஎஃப்ஏஎஸ் எனப்படும் அழியாத ஃபுளோரின் சேர்மங்களும் கசடில் வந்து சேர்கின்றன. அமெரிக்காவின் மெயின் மாநிலம் அதற்காகவே 2022-ல் கசடை நிலத்தில் போடுவதைத் தடைசெய்தது, அதற்குமுன் பல பண்ணைகள் பாழாகிவிட்டன. சுவிட்சர்லாந்து 2006-லேயே நிறுத்திவிட்டது.


மண்ணுக்கே எழுதியது:

மெயின் பண்ணைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. நான் கெட்ட கசடை வயலில் போடச் சொல்லவில்லை. சுத்தமான கசடு மண்ணுக்குப் போகட்டும், போகமுடியாதது சூளைக்குப் போகட்டும் என்கிறேன். நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள், சுத்தமான கசடைத்தான் செங்கல்லுக்குக் கேட்கிறீர்கள்.


கரைசல் எழுதியது:

இது நியாயமான கேள்வி, இரண்டு நாளாக யோசித்தேன். வயலுக்கு ஆகாத கசடில் இரண்டு வகை உண்டு. உலோகம் அதிகம் என்பதால் ஆகாதது ஒன்று, அது செங்கல்லுக்கும் ஆகாது, தனியாகப் பாதுகாப்பாகப் புதைக்கவேண்டியதுதான். இன்னொன்று உலோகம் குறைவு, ஆனால் பக்கத்தில் வயலே இல்லாததாலோ, மழைக்காலத்தில் யாரும் எடுக்காததாலோ, உப்பு அதிகம் என்பதாலோ தேங்குவது. செங்கல்லுக்கு அந்தக் கசடு போதும். உப்பு அதிகமென்றால் கல்லில் வெள்ளை பூக்கும், அதைச் சூளைச்சூடு பார்த்துக்கொள்வார்.

ஜப்பானில் 2011-ல் நடந்ததையும் நினைத்துப்பாருங்கள். அங்கே கசடைச் சிமென்ட் ஆலைகள் வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்தன. ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு மே மாதத்தில் கோரியாமா நிலையத்துக் கசடில் கதிரியக்கச் சீசியம் தெரியவந்தது. மழை அடித்துவந்த சீசியம் வடிகால் வழியாகக் கசடில் சேர்ந்திருந்தது. சிமென்ட் ஆலைகள் வாங்குவதை நிறுத்தின, நிலையங்களில் கசடும் சாம்பலும் மலையாகக் குவிந்தன. ஒரே வழியை மட்டும் நம்பியிருந்தால் அது அடைபடும் நாளில் முற்றம் நிரம்பிவிடும். மண், சூளை, சிமென்ட் ஆலை எல்லாமே திறந்திருக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் அதற்கு ஏற்ற கசடைப் பிரித்துக் கொடுக்கவேண்டும்.


சூளைச்சூடு எழுதியது:

வெள்ளைப்பூ பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லைத் தண்ணீர்த் தட்டில் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் முழுக்க வற்றவிட்டு, மறுபடி ஊற்றி மறுபடி வற்றவிடுங்கள். உப்பு இருந்தால் மேல்விளிம்பில் வெள்ளையாகத் தெரியும். கையில் தேய்த்தால் மாவு மாதிரி வரும். கொஞ்சமாக இருந்தால் பூச்சுக்குள் மறைந்துவிடும். செதில் செதிலாக உரிந்தால் அந்தக் கலவையை விட்டுவிடுங்கள், பூச்சையே தள்ளிவிடும்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு கிடைக்குமானால் அதைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் போட்டுப் படியவைத்தது. பெரும்பாலும் நைசான களிமண்ணும் அலுமினிய ஹைட்ராக்சைடும்தான். எரியும் பொருள் குறைவு, சாக்கடைக் கிருமிச் சுமை கிடையாது, நாற்றம் இல்லை. ஆனால் காயும்போது ரொம்பச் சுருங்கும், அதனால் மணல் கொஞ்சம் கூட்டிப் போடவேண்டும்.


தொட்டிக்கரை எழுதியது:

மூன்று மாதத்துக்கு அப்புறம் எழுதுகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் உலோகச் சோதனை. ஒரு புட்டி போதாது என்று கரைசல் தனிச்செய்தியில் சொன்னதால் எட்டு வாரம் வாராவாரம் எடுத்தோம். ஏழு வாரம் ஒழுங்காக இருந்தது. ஐந்தாவது வாரம் மட்டும் நிக்கல் பல மடங்கு ஏறியிருந்தது. ஒரே புட்டியோடு நிறுத்தியிருந்தால் அது தெரிந்திருக்காது. வடிகால் பாதையை மேலே மேலே ஆள்துளை வாரியாகச் சோதித்துக்கொண்டு போகிறோம், எந்தக் கிளையில் வருகிறது என்று ஓரளவு தெரிந்துவிட்டது. அது முடியும்வரை ஒவ்வொரு வாரக் கேக்கையும் தனித்தனிக் குவியலாக வைக்கிறேன், அறிக்கை வந்தபின்தான் எந்தக் குவியலும் நகரும்.

தண்ணீர் ஒழுகாத கண்ணாடிக்கூரைக் கொட்டகை ஒன்றில் பரப்பி, தினமும் புரட்டிக் காயவைத்தோம். காய்ந்ததைச் சூடாக்கிக் கிருமி நீக்கியபின்தான் வெளியே எடுத்தோம். சூளைக்காரர் அச்சு போடுபவர்களுக்குக் கையுறையும் காலணியும் வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் எல்லோரும் கழற்றி வைத்துவிட்டார்கள், மண் ஒட்டி வழுக்குகிறதாம். மெல்லிய ரப்பர் வகைக்கு மாற்றியபின் போடுகிறார்கள்.

காய்ந்த எடையில் 5 சதவீதம், 8 சதவீதம், ஒன்றும் கலக்காதது என்று மூன்று வகை, தலா ஐம்பது கல். 8 சதவீதக் கல்லை உடைத்தால் நடுவில் இன்னும் ஒரு நூல் கனத்துக்குச் சாம்பல் நிறம் தெரிகிறது. 5 சதவீதக் கல் ஓரம்வரை ஒரே சிவப்பு. எடை குறைவு, தண்ணீர் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கிறது, தட்டினால் சத்தம் சாதாரணக் கல்லைவிட மந்தம். வெள்ளை லேசாகப் பூத்தது. பொடித்துச் சாதாரண நீரிலும் அமிலத்திலும் செய்த சோதனைகள் நன்றாக வந்தன, தொட்டிச் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது.


கரைசல் எழுதியது:

தொட்டிச் சோதனை முடியும்வரை யாருக்கும் ஒரு கல்லும் கொடுக்காதீர்கள். அந்த நிக்கல் வாரத்துக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள், மழையில் விடாதீர்கள்.


சூளைச்சூடு எழுதியது:

சத்தம் மந்தமாக இருப்பது துளையால்தான், பயப்படவேண்டாம். ஆனால் சுமை தாங்கும் சுவருக்கு இப்போதே வேண்டாம், முதலில் உங்கள் நிலையத்துக்குள்ளேயே ஒரு மதில் கட்டுங்கள். பாதியைப் பூசுங்கள், பாதியைப் பூசாமல் விடுங்கள். மூன்று வகைக் கல்லையும் கலக்காமல் தனித்தனி வரிசையாக வைத்து, எந்த வரிசை எது என்று எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து காயட்டும். நான் வந்து தட்டிப் பார்க்கிறேன்.